இரும்புச் சத்து இருக்கிறது என்றேன்

ஒரு குழந்தை ஈயம் குடித்துக்கொண்டிருந்தது. எனக்குத் தெரியும். அதன் தாய் என்னிடமே வந்து, இது நல்லதா கெட்டதா என்று கேட்டாள். நல்லது என்று சொல்லி அனுப்பினேன்.

தெரியாமல் சொல்லவில்லை. சோதித்துப் பார்த்த பிறகு சொன்னேன். சோதிப்பதுதான் என் தொழில்!

முகம் சுளிக்கிறீர்களா? சுளியுங்கள். ஆனால் பாதியில் எழுந்து போய்விடாதீர்கள். இத்தனை வருஷம் இதை யாரிடமும் சொன்னதில்லை. சொல்வதற்கு எனக்கு யாரும் இருந்ததில்லை என்பதும் உண்மைதான்... அதைச் சாக்காகச் சொல்லவில்லை. இல்லை, சாக்காகத்தான் சொல்கிறேன். எழுத ஆரம்பித்தவுடனேயே பொய் வந்துவிடுகிறது, பாருங்கள்!

விருத்தாசலத்தில் ஒரு சிறிய பீங்கான் தொழிற்கூடத்தின் ஆய்வறையில் எனக்கு வேலை. களிமண் வரும், பொம்மைகளுக்குப் பூசும் கலர் பொடி வரும். எதில் என்ன இருக்கிறது என்று பார்த்துச் சொல்ல வேண்டும். வாய் திறக்காமல் ஒரு நாள் முழுவதும் வேலை பார்க்கலாம். மாலையில் வீடு திரும்பினால் அங்கும் அதே கதைதான்.

அப்போது எனக்கு நாற்பது தாண்டியிருந்தது. கல்யாணம் ஆகவில்லை. அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தார்கள். தம்பி சென்னையில், பொங்கலுக்கு ஒரு போன் வரும். ஊர் ஓரத்தில், சூளைகளை ஒட்டிய பழைய வீட்டில் நான் மட்டும். பூட்டைத் திறந்ததும் முதல் வேலையாக டிவியைப் போடுவேன். பார்ப்பதற்காக இல்லை. உள்ளே யாரோ பேசிக்கொண்டிருப்பது போல இருக்கும். இட்லிக்கு மாவு அரைத்தால் பாதி புளித்துப் போகும். ஓர் ஆளுக்கு எவ்வளவு போடுவது என்பது எனக்குக் கடைசிவரை பிடிபடவில்லை.

தனிமை என்று புத்தகங்களில் பெரிது பெரிதாக எழுதுகிறார்கள். எனக்கு அது புளித்த மாவு. அவ்வளவுதான்.

அந்த வீட்டுக்குத்தான் சூசைராஜ் வந்தான். எங்கள் தொழிற்கூடத்துப் பொம்மைகளை லோடு ஆட்டோவில் ஏற்றி வேப்பூர் நெடுஞ்சாலைக் கடைகளுக்குக் கொண்டுபோய்ப் போடுகிறவன். கொசுத்தேனீ என்றால் அவனுக்கு உயிர். பார்த்திருப்பீர்கள், சுவர் ஓட்டையிலும் மீட்டர் பெட்டியிலும் கூடு கட்டும் சின்ன ஈ, கொட்டாது. சூளையில் கோணிப்போன பீங்கான் குழாய்களைப் பொறுக்கி, இரு பக்கமும் பலகை வைத்து அடைத்து, அதில் அந்த ஈக்களைக் குடியேற்றி வைத்திருந்தான். எங்கள் ஊரில்தான் இப்படி ஒருவன் தேனீ வளர்க்க முடியும்!

அவன் குடியிருந்த வீட்டுக்காரர், ஈயை வைத்துக்கொள், இல்லாவிட்டால் வீட்டை வைத்துக்கொள் என்று சொல்லிவிட்டாராம்.

“ஒங்க தோட்டத்துச் சொவத்துல மாட்டிக்கட்டுமா, க்கா? ஒண்ணும் பண்ணாதுங்க. வாரத்துக்கு ஒரு வாட்டி வந்து பாத்துட்டுப் போயிடுவேன்” என்றான்.

மாட்டிக்கொள் என்றேன். வேண்டாம் என்று சொல்ல எனக்கு என்ன இருந்தது?

அவன் மட்டும் வருவான் என்றுதான் நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, கோயிலுக்குப் போட்ட உடுப்போடே மனைவி ஸ்டெல்லாவும் மகள் ஜெனியும் சேர்ந்து வந்தார்கள். ஜெனிக்கு அப்போது பள்ளிக்கூடம் போகும் வயது கூட ஆகவில்லை. ஸ்டெல்லா என்னை அக்கா என்றதால் ஜெனி என்னைப் பெரிம்மா என்றாள். முதல் நாளே! யாரும் சொல்லிக்கொடுக்காமல்!

என்னை அதுவரை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. அடுப்படிக்குள் போய்ச் சற்று நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

பிறகு எல்லா ஞாயிறும் வந்தார்கள். நான் சனிக்கிழமையே மாவு அரைத்தேன். ஒரு கரண்டி கூட மிஞ்சாது. சூசைராஜ் குழாயைத் திறந்து உள்ளே பார்ப்பான். ஸ்டெல்லா என்னோடு உட்கார்ந்து வெங்காயம் உரித்தபடி, திட்டக்குடியில் இருக்கும் மாமியாரைப் பற்றி வண்டி வண்டியாகக் குறை சொல்வாள். ஜெனி குழாயில் காது வைத்துக் கேட்பாள். கொசுத்தேனை விரலில் தொட்டு நக்கி, புளிப்பு தாங்காமல் ஒரு கண்ணை மூடிக்கொள்வாள். அந்த ஒரு கண்ணைப் பார்ப்பதற்காகவே நான் மறுபடியும் தொட்டு வைப்பேன்.

மற்ற ஆறு நாட்களும் ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் இருக்கும் நாட்கள் என்று ஆயின.

என் தோட்டத்துச் சுவருக்கு அந்தப்பக்கம் ஒரு பொம்மைக் கொட்டகை. பெண்கள் வரிசையாக உட்கார்ந்து பிள்ளையாருக்கும் கிளிக்கும் கலர் தீட்டுவார்கள். கலர் பொடியைப் பிசுபிசுப்பான ஒரு எண்ணெயில் குழைத்துத் தீட்டி, மறுபடி சூளையில் வைப்பார்கள். அந்த எண்ணெயில் மரப்பிசின் வாசம் அடிக்கும். தீட்டும்போது பிசகிய பொம்மைகளை ஈரத்தோடு சுவரோரம் வீசிவிடுவார்கள்.

கொசுத்தேனீக்குப் பிசின் என்றால் விருந்து. கூட்டை அடைப்பது, வாசலில் குழல் கட்டுவது, எல்லாம் அதை வைத்துத்தான். வேம்பையும் முருங்கையையும் தேடிப் போக வேண்டிய ஈக்கள், பக்கத்திலேயே பிசின் கிடைக்கிறது என்று சுவரேறிக் குதித்தன.

முதலில் பார்த்தது ஜெனிதான்.

“பெரிம்மா! ஈ காலுல நெயில் பாலிஷ் போட்டிருக்குது!”

குனிந்து பார்த்தேன். பின்னங்காலில் சிவப்புப் பொட்டு. நான் சிரித்தேன்... ஆமாம், சிரித்தேன்! அந்தச் சிவப்பு என்ன என்று தினமும் சோதித்துச் சொல்கிறவள் நான். குறைந்த சூட்டில் பளபளப்பு வரவேண்டும் என்பதற்காக அந்தக் கலர்களில் ஈயம் சேர்ப்பார்கள் என்பது எனக்கு அத்துப்படி. இருந்தும் சிரித்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் ஆய்வறைக்காரி இல்லை; பெரிம்மா.

மழைக்காலம் வந்தது. ஜெனிக்குத் தொண்டை வீங்கிக் காய்ச்சல் வருவதும் போவதுமாக இருந்தது. தேனீப் பிசின் தொண்டைக்கு நல்லது என்று சூசைராஜ் எங்கோ கேட்டு வந்தான். குழாயிலிருந்து சுரண்டி எடுத்து, கொஞ்சம் பிராந்தியில் ஊறவைத்து வடித்து, கொசுத்தேனில் கலந்து ஒரு பாட்டிலில் வைத்தான். காலையில் சில சொட்டு, வெந்நீரில். தொண்டை தேவலை என்றார்கள். எனக்கும் சந்தோஷம்.

ஸ்டெல்லாவுக்குத்தான் ஒரு உறுத்தல். ஒரு ஞாயிறு பாட்டிலையும் ஒரு உருண்டைப் பிசினையும் கொண்டுவந்து என் எதிரில் வைத்தாள்.

“இது ஏங்க்கா செவப்புச் செவப்பா கோடு ஓடுது? நீங்கதான் மண்ணக் கூட டெஸ்ட் பண்ணி என்னா இருக்குதுன்னு சொல்றீங்களே, இத கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க. கொழந்த வவுத்துக்குள்ள போறதாச்சே.”

பிசினை நகத்தால் பிளந்தேன். பழுப்புக்கு நடுவே செம்மஞ்சள் கீற்று. அந்தக் கணமே எனக்குத் தெரிந்துவிட்டது. சோதனை என்பதெல்லாம் அதற்குப் பிறகு நானே எனக்குக் கொடுத்துக்கொண்ட அவகாசம்தான்.

மறுநாள் மற்றவர்கள் சாப்பிடப் போன நேரத்தில் பிசினையும் பாட்டில் மருந்தையும் தனித்தனிப் பீங்கான் கிண்ணத்தில் இட்டு உலையில் எரித்துச் சாம்பலாக்கினேன். அமிலத்தில் கரைத்தேன். முதலில் இரும்புக்குப் பார்த்தேன், இருந்தது. சுண்ணாம்புக்குப் பார்த்தேன், இருந்தது. துத்தநாகமும் இருந்தது. எல்லாம் உடம்புக்கு வேண்டியவை. ஏன் அவற்றை முதலில் பார்த்தேன் என்று கேளுங்கள்... கடைசியில் பார்க்க வேண்டியதைத் தள்ளிப்போட்டேன், வேறென்ன!

பிறகு அயோடைடு கரைசலை விட்டேன். இரண்டு சோதனைக் குழாயிலும் மஞ்சள் இறங்கியது. ஈயத்தைத் தவிர வேறெதுவும் அவ்வளவு அழகான மஞ்சளைத் தராது. புளிப்புத் தேன் ஈயத்தை நன்றாகவே கரைத்திருந்தது. ஒன்றும் தெரியாத கல்லூரிப் பிள்ளை கூட அதைப் பார்த்தால் சொல்லிவிடுவான்.

சோதனைக் குழாய்களைக் கழுவிக் கவிழ்த்தேன். வீட்டுக்கு நடந்தேன். வழி முழுவதும் ஒரே கணக்கு மனதில் ஓடியது. சொன்னால் சூசைராஜ் குழாய்களை என் சுவரிலிருந்து கழற்றிவிடுவான். கழற்றாமல் என்ன செய்வான்? அவன் அன்பான தகப்பன். வேறெங்காவது கொண்டுபோய் மாட்டுவான். ஞாயிறு பூசை முடிந்து அங்கே போவார்கள். என்னை மறந்துவிட மாட்டார்கள், நல்ல ஜனங்கள். வழியில் பார்த்தால் நிற்பார்கள், சிரிப்பார்கள், ஒருநாள் வருகிறோம் அக்கா என்பார்கள்... ஒருநாள்!

எனக்கு அந்த ஒருநாள் வேண்டாம். எனக்கு ஞாயிற்றுக்கிழமை வேண்டும்.

இவ்வளவுதான் காரணம். இதைவிடப் பெரிய காரணம் எதையாவது கண்டுபிடித்துச் சொல்ல நானும் முயன்று பார்த்தேன். கிடைக்கவில்லை.

அடுத்த ஞாயிறு ஸ்டெல்லா செருப்பைக் கழற்றும்போதே கேட்டாள்.

“பாத்தீங்களா, க்கா?”

“பார்த்தேன். இரும்புச் சத்து இருக்குது. சுண்ணாம்புச் சத்தும் இருக்குது. துத்தநாகம் கூட இருக்குது.”

“கெட்டது ஒண்ணும் இல்லையே?”

“செவப்பு... அது மரத்துப் பிசினோட நெறம்தான் ஸ்டெல்லா. பயப்படாத.”

அவள் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள். “ஆண்டவரே! ராத்திரியெல்லாம் தூக்கம் இல்லங்க்கா எனக்கு” என்றாள். ஜெனி ஓடி வந்து என் காலைக் கட்டிக்கொண்டாள். அந்தத் தலையைத் தடவிக்கொடுத்தேன். பிறகு போய் இட்லி ஊற்றினேன். அதைத்தான் உங்களுக்குச் சொல்ல வேண்டும்... அன்றைக்கும் ஒரு கரண்டி மாவு மிஞ்சவில்லை!

சும்மா இருந்துவிடவில்லை, நானும் ஏதேதோ செய்தேன். கொட்டகைக்காரரிடம் போய், கலர்க் கிண்ணங்களை மூடிவைக்கக் கூடாதா, தேனீ மொய்க்கிறதே என்றேன்.

“தேனீக்குப் பயந்துகிட்டு எவனாவது தொழில் பண்ணுவானா, மேடம்?” என்று சிரித்தார். சுவரோரம் கிடந்த பொம்மைகளை நானே பொறுக்கிக் கொண்டுபோய்ப் புதைத்தேன். அடுத்த வாரம் புதிதாக வந்து விழுந்தன. அவற்றையும் பொறுக்கினேன். ஒரு வாக்கியம் பேசினால் தீர்கிற காரியத்துக்கு வெயிலில் குழி வெட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டார் என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள்.

சில சொட்டுதானே என்று சொல்லிக்கொண்டேன். எங்கள் தொழிற்கூடத்தில் எல்லோரும் இந்தத் தூசியைத்தான் மூச்சாக இழுக்கிறோம், யார் செத்தோம் என்று சொல்லிக்கொண்டேன். ஈயம் பெரியவர்களைவிடக் குழந்தைகளின் உடம்பில்தான் அதிகம் தங்கும் என்று படித்தவளே நான்தான்.

தை பிறக்கும்போது ஜெனி சாப்பிட மறுத்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு என் மடியில் சுருண்டாள்.

“யாரோ உள்ள முறுக்குறாங்க, பெரிம்மா.”

டாக்டர் பூச்சி மருந்து கொடுத்தார். கேட்கவில்லை. மறுபடி போனபோது பிள்ளை வெளுத்திருக்கிறாள், ரத்தம் குறைவு என்றாராம். ஸ்டெல்லா அதை என்னிடம் வந்து சொன்னாள், நம்பிக்கையோடு. அவள் அடுத்துச் சொன்னதைத்தான் நான் சாகும்வரை கேட்டுக்கொண்டிருப்பேன்.

“நீங்கதான் இரும்பு இருக்குதுன்னு சொன்னீங்களே, க்கா. அதான் இப்ப காலையில மட்டும் இல்லாம சாயந்தரமும் குடுக்குறேன். கூடக் கொஞ்சமா குடுக்குறேன். செய்யலாம்ல?”

எனக்கு வாய் இருந்தது. நாக்கு இருந்தது. ஜெனி என் முந்தானையைப் போர்த்திக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். ரத்தத்தைக் குடிப்பதே அந்த ஈயம்தான் என்று சொல்ல அதைவிட நல்ல நேரம் வாய்க்காது.

“செய்யலாம்” என்றேன்.

ஏன்? இன்றுவரை கேட்டுக்கொள்கிறேன். முதல் பொய்யாவது ஞாயிறுகளுக்காகச் சொன்னது. இது? முதல் பொய்யைக் காப்பாற்றச் சொன்னது. இப்போது உண்மையைச் சொன்னால் ஞாயிறு போவது மட்டுமில்லை, அவள் என்னை எப்படிப் பார்ப்பாள் என்பதும் சேர்ந்துவிட்டது. அந்தப் பார்வைக்குப் பயந்து ஒரு பிள்ளையின் வாயில் இரட்டிப்பாக ஊற்றச் சொன்னேன்!

ஒரு வாரம் தூங்கவில்லை. தூங்காமல் இருந்தது என் கணக்கில் சேர்க்கக் கூடிய புண்ணியமா? இல்லை. அந்த வாரமும் அவள் குடித்தாள்.

அடுத்த ஞாயிறு அவர்கள் வாசலில் வரும்போதே சொன்னேன், “ஸ்டெல்லா, வெயில் ஏறிடுச்சி. அந்த மருந்து சூடு. நிறுத்திடு.” சூடு என்றதும் அவள் மறுபேச்சுப் பேசவில்லை. எங்கள் ஊரில் சூடு என்ற ஒரு சொல்லுக்குத் தாய்மார்கள் கட்டுப்படுவார்கள். அவ்வளவு சுலபமாக முடிந்தது. முதல் நாளே சூடு என்று சொல்லியிருக்கலாம். குழாயும் சுவரிலேயே இருந்திருக்கும், ஞாயிறும் எனக்கே இருந்திருக்கும்... அந்தப் பொய் எனக்கு முதலில் தோன்றவில்லை! இதை நினைத்தால் சிரிப்பு கூட வருகிறது. பொய்யைக் கூடச் சரியாகச் சொல்லத் தெரியாதவள்.

மருந்தை மட்டும் நிறுத்தச் சொன்னேன். ஏன் நிறுத்த வேண்டும் என்பதை டாக்டரிடம் சொல்லச் சொல்லவில்லை. ரத்தத்தில் ஈயம் இருக்கிறதா பாருங்கள் என்று ஒரு வார்த்தை போதும். எங்காவது ரத்தம் சோதிக்க எழுதிக்கொடுத்து அனுப்பியிருப்பார். அதற்கும் வாய் வரவில்லை.

கொஞ்சம் கொஞ்சமாக வயிற்றுவலி குறைந்தது. எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் முடிவுகட்டிக்கொண்ட நேரத்தில் சூசைராஜின் அப்பா படுத்த படுக்கையானார். திட்டக்குடியில் நிலத்தைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். ஒரு நாள் காலையில் வந்து, குழாய்களைச் சாக்கில் சுற்றி லோடு ஆட்டோவில் ஏற்றினான். உள்ளே இருக்கும் பழைய பிசினைச் சுரண்டிப் போட்டுவிட்டு வேப்பமரத்தடியில் மாட்டு, ஈக்கள் நன்றாகப் பெருகும் என்று மட்டும் சொன்னேன்.

“போயிட்டு வரோம், க்கா. திருவிழாவுக்கு வந்துடுங்க” என்றாள் ஸ்டெல்லா. ஜெனி வண்டியிலிருந்து கை காட்டினாள்.

நான் பொய் சொல்லிக் காப்பாற்றிய ஞாயிறுகள் ஒரு கோடையைக் கூடத் தாண்டவில்லை. அடுத்த வாரம் சனிக்கிழமை பழக்கத்தில் மாவு அரைத்துவிட்டேன். புளித்துப் பொங்கித் தரையில் வழிந்தது. துடைக்கும்போது அழுதேன். அவளுக்காக அழுதேன் என்று சொன்னால் நம்புவீர்களா? நம்பாதீர்கள். எனக்காகத்தான் அழுதேன்.

திருவிழாவுக்கு நான் போகவில்லை. விருத்தாசலத்துக்கும் திட்டக்குடிக்கும் நடுவே ஓடுகிற பஸ்ஸுக்குக் குறைவில்லை. பெண்ணாடம் வழியாகப் போகிறது. கூப்பிட்டால் நிற்கும். நான் ஏறவில்லை.

சில வருஷம் கழித்து, பஸ் நிலையத்தில் அவர்களைப் பார்த்தேன். ஜவுளி எடுக்க வந்திருந்தார்கள். ஜெனி வளர்ந்திருந்தாள், ஆனால் அவள் வயதுக்கு வளரவில்லை. தூரத்திலேயே என்னைக் கண்டுபிடித்து “பெரிம்மா!” என்று ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். ஸ்டெல்லா பையைக் கீழே வைத்துவிட்டுப் புலம்பினாள்.

“இதுக்கு படிப்பே ஏறலங்க்கா. இப்ப சொன்னா இப்ப மறந்துடுது. அடிச்சும் பாத்தாச்சு, வேண்டுதலும் வச்சாச்சு. டீச்சரு வூட்டுக்கே வந்து சொல்லிட்டுப் போறாங்க. எங்க சைடுலயும் இல்ல, அவங்க சைடுலயும் இல்ல, யாரக் கொண்டுச்சோ தெரியல.”

ஜெனி சிரித்தாள். வெட்கமோ வருத்தமோ இல்லாத சிரிப்பு.

“நான் மக்கு, பெரிம்மா” என்றாள். தன் பெயரைச் சொல்வது போலச் சொன்னாள்.

ஈயத்தால்தானா? தெரியாது! எத்தனையோ பிள்ளைகளுக்குப் படிப்பு வருவதில்லை. அவர்கள் யாரும் என் தோட்டத்துப் பிசினைக் குடிக்கவில்லை. அவளுக்கு எப்படியும் இப்படித்தான் இருந்திருக்குமோ என்னவோ. இந்தத் தெரியாது என்ற சொல்லை நான் எத்தனை முறை எடுத்து வைத்துப் பார்த்திருக்கிறேன்... அது ஆறுதலாகவும் இல்லை, தண்டனையாகவும் இல்லை. ஈயத்தால் கெட்டதைத் திரும்பக் கொண்டுவர முடியாது என்பது மட்டும் தெரியும்.

அப்போது சொல்லியிருக்கலாம். நீ மக்கு இல்லை, உன்மேல் ஒரு குற்றமும் இல்லை, இது என் காரியம் என்று. அவளை அடிக்காதே என்று அவள் தாயிடமாவது சொல்லியிருக்கலாம். பஸ் வந்துவிட்டது. ஸ்டெல்லா பையைத் தூக்கிக்கொண்டாள். “நீங்க ஒருத்தருதாங்க்கா எங்க புள்ளைய அப்ப அவ்ளோ பாத்துக்கிட்டீங்க” என்று சொல்லிக்கொண்டே ஏறினாள். நான் ஜெனியின் கையில் ஒரு பிஸ்கட் பாக்கெட்டைத் திணித்தேன். பிஸ்கட்!

இதை இங்கே எழுதுவதற்குப் பதிலாக அவளுக்கே எழுதியனுப்பலாமே என்று கேட்பீர்கள். நானும் நினைத்தேன். விலாசம் தெரியும்.

ஆனால் ஜெனிக்கு எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். இரண்டு வரிக்கு மேல் போனால் யாரையாவது படித்துக் காட்டச் சொல்வாள்... அவள் அம்மாவைத்தான் சொல்வாள்.